அவசரத்தின் பச்சை

செப்டம்பர் 2

புதிய நோட்டு. முப்பத்து நான்கு வருடம் வரைபட அலுவலகத்தில் கோடு போட்டவன் நான். எந்த வேலையானாலும் முதலில் எண் போட்டு எழுதிக்கொள்ளாவிட்டால் எனக்குக் கை ஓடாது. ஆகவே:

1. இந்த நோட்டு ஒரு கார் செய்வதைப் பற்றியது. காரின் பெயர் 'அவசரம்'. நாற்பத்தெட்டு வருடங்களுக்கு முன் பதின்மூன்று வாரம் மட்டும் ஓடி நின்றுபோன ஒரு கார்ட்டூன் தொடரில் வந்தது. வாத்து மூக்கு, கூரையை விட உயரமான பின்சக்கரங்கள், மூடிக்குள் அடங்காமல் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும் இன்ஜின், பக்கத்துக்கு மூன்றாக ஆறு புகைக்குழாய்கள். எந்தப் பந்தயத்திலும் முதலில் வந்ததில்லை.

2. அளவு: ஓட்டுபவரின் தலையை அடிப்படையாக வைத்துக் கணக்கிடுவேன். உண்மையான கார் என்று ஒன்று இல்லாததால் வேறு வழி தெரியவில்லை.

3. நிறம்: பச்சை. எந்தப் பச்சை என்பதற்கான ஆதாரம் அக்காவின் தகரப்பெட்டியில் இருக்கிறது. அந்தத் தொடருக்கு ஸ்டூடியோவில் வர்ணம் தீட்டிய பெண்களில் அக்காவும் ஒருத்தி.

4. அக்காவுக்கு அந்த வேலையில் பெரிய பிடிப்பு இருந்ததில்லை. கல்யாணம் நிச்சயமானதும் எளிதாக விட்டுவிட்டாள். ஆகவே இந்தக் காரை ஒரு விளையாட்டுப் பொருளாகவே எடுத்துக்கொள்வாள். பழைய பேச்சு எதுவும் எழாது.

5. இருபத்தெட்டாம் தேதி அக்கா தன் மகள் வீட்டுக்குப் போகிறாள். இனி அங்கேதான். ஆறு வருடமாக என்னோடு இருக்கிறாள். லிஃப்ட் இல்லாத மூன்று மாடி அவள் முழங்காலுக்கு ஒத்துவரவில்லை. அதற்குள் காரை முடித்து அவள் கையில் கொடுத்துவிட வேண்டும்.

இதுவரை பதினொரு கார்ட்டூன் கார்கள் செய்திருக்கிறேன். ஒன்றையும் யாருக்கும் கொடுத்ததில்லை. கேட்டவர்களும் இல்லை.

செப்டம்பர் 4

பதின்மூன்று பாகங்களில் மூன்றுக்குத்தான் பதிவு கிடைத்தது. பதினான்கு காட்சிகளை நிறுத்தி நிறுத்தித் திரையில் அளந்தேன். கார் நிற்கும்போது பின்சக்கரம் இரண்டு தலை உயரம். கிளம்பும்போது மூன்றே கால் தலை. வளைவில் முட்டை வடிவம். மொத்தத்தின் சராசரி 2.6 தலை. அதையே வைத்துக்கொண்டேன்.

அக்கா என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "கார்ட்டூனுக்குச் சராசரி எடுத்த மொத ஆள் நீதான்டா, ஸ்கேலு."

ஸ்கேல் என்பது பள்ளிக்கூட வயதில் அவள் எனக்கு வைத்த பெயர். எழுபத்து மூன்று வயதிலும் அதுதான்.

"தப்பாக்கா?"

"தப்பில்ல. கார்தான் பாவம்."

என்ன கார் என்று அவள் கேட்கவில்லை. திரையில் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள். நான்காவது குறிப்பு சரி என்றே தோன்றுகிறது.

செப்டம்பர் 7

பிளாஸ்டிக் தகட்டில் உடல் வெட்டி ஒட்டியாயிற்று. வாத்து மூக்கு மட்டும் பட்டி வைத்துத் தேய்த்து, மறுபடி பட்டி வைத்துத் தேய்த்து, நான்காவது முறைதான் மூக்கு போல வந்தது. புகைக்குழாய்களுக்கு எழுதித் தீர்ந்த பேனா ரீஃபில்கள். முன்விளக்குகள் இந்தக் காருக்குக் கண்கள் மாதிரி, பிதுங்கி நிற்க வேண்டும். அக்காவின் முழங்கால் மாத்திரை அட்டையில் உள்ள குமிழ்கள் சரியான அளவு.

அவள் தொலைபேசியில் மகளிடம்: "உங்க மாமா ஒரு சட்டம் போட்டிருக்காரு. மாத்திரைய முழுங்கின உடனே அட்டைய அவர்கிட்ட ஒப்படைச்சிடணும். நசுங்காம."

செப்டம்பர் 9

பிரைமர் அடித்தேன். சாம்பல் நிறத்தில் ஒரு வாத்து. காய விட்டிருக்கிறேன்.

செப்டம்பர் 11

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

மூன்று பதிவுகளிலும் மூன்று பச்சை. ஒன்று நீலம் கலந்தது, ஒன்று பழுப்பேறியது, ஒன்று வெளுத்தது. ஆகவே அக்காவின் செல் தாள்தான் ஒரே ஆதாரம். பழைய கார்ட்டூன்களைக் கண்ணாடி போன்ற இந்தத் தாள்களில்தான் செய்தார்கள். முன்பக்கம் மைக்கோடு. வர்ணத்தைப் பின்பக்கம் தீட்டுவார்கள், கோடு மறையாமல் இருக்க. அக்காவிடம் இருப்பது ஒரே ஒரு தாள். அதில் அவசரம் பக்கவாட்டில் நிற்கிறது.

கேட்டு வாங்கியிருக்கலாம். கேட்டால் ஸ்டூடியோவைப் பற்றிப் பேச்சு வரும். வரட்டுமே என்று நினைக்கும் ஆள் நான் இல்லை. அக்கா எதிர்வீட்டம்மாவுடன் முழங்கால் பயிற்சிக்குப் போனபின், பூட்டாத பெட்டிதானே, எடுத்துக்கொண்டேன். ஒரு மணி நேரத்தில் திரும்ப வைத்துவிடுவதாகத்தான் திட்டம்.

தாள் சுருண்டிருந்தது. மேஜை மேல் வரைதாள் விரித்து, அதன் மேல் இதை வைத்து, கண்ணாடித் தகடு போட்டு, கண்ணாடி மேல் அகராதியின் இரண்டு பாகங்களை ஓரமாகப் பாரம் வைத்தேன். விளக்கைக் கிட்டே இழுத்துக்கொண்டேன். நிறம் கலந்து ஒப்பிட நாற்பது நிமிடம் ஆயிற்று. மிகச் சரியாக வந்தது. சந்தோஷமாகக்கூட இருந்தது.

கண்ணாடியைத் தூக்கித் தாளை எடுத்தபோது, பின்சக்கரத்துக்கு மேலே கட்டைவிரல் அகலத்துக்குப் பச்சை வரைதாளிலேயே தங்கிவிட்டது. செல் தாளில் அந்த இடத்தில் கோடு மட்டும்.

கண்ணாடி வைத்துத் தட்டையாக்குவது எங்கள் அலுவலகப் பழக்கம். காகிதத்தில் மை ஊறியிருக்கும், எதுவும் ஆகாது. இது காகிதம் இல்லை என்று எனக்குத் தெரியும். வர்ணம் பின்பக்கம் என்பதும் தெரியும். தெரிந்தும் கை தன் பாட்டுக்குச் செய்துவிட்டது. விளக்குச் சூட்டில் வர்ணம் இளகியிருக்க வேண்டும்.

படியில் எதிர்வீட்டம்மாவின் குரல் கேட்டது. தாளை அகராதிக்குள் வைத்து மூடினேன்.

செப்டம்பர் 12

சொல்லவில்லை. காலையில் சொல்ல நினைத்தேன், அவளுக்கு முழங்கால் வலி. மத்தியானம் தூங்கினாள். மாலையில் வலி இல்லை, சிரித்துக்கொண்டிருந்தாள். அதனால் சொல்லவில்லை.

எப்போதுதான் சொல்ல முடியும் இப்படிப் பார்த்தால்?

செப்டம்பர் 13

இன்றும் இல்லை.

செப்டம்பர் 15

பயிற்சிக்குப் போயிருந்தாள். தாளைச் சரிசெய்தேன். கலந்த பச்சை மீதி இருந்தது. பின்பக்கமாக, மூன்று முடி கொண்ட தூரிகையால், ஓரத்திலிருந்து நடுவுக்கு. இரண்டு பூச்சு. முன்பக்கம் திருப்பிப் பார்த்தால் எங்கே பழசு, எங்கே புதுசு என்று எனக்கே தெரியவில்லை.

வேலையின் போதுதான் கவனித்தேன். பின் மட்கார்டின் அடிக்கோட்டைத் தாண்டி, ஒரு விரற்கடை நீளத்துக்குப் பச்சை வெளியே வழிந்திருந்தது. அக்காவின் கை வேலையா இது? கோட்டுக்கு வெளியே வர்ணம் நிற்பதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியாது. வேலையோடு வேலையாகப் பிளேடு நுனியால் சுரண்டி நேராக்கினேன்.

முன்பு இருந்ததை விட இப்போது சுத்தமாக இருக்கிறது. அவள் வருவதற்குள் பெட்டியில் வைத்துவிட்டேன்.

ஆகவே சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. இல்லைதானே?

செப்டம்பர் 18

ஆறாவது பூச்சும் முடிந்தது. சாப்பிடும்போது கார் மேஜை ஓரத்தில் காய்ந்துகொண்டிருந்தது. அக்கா தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள்.

"இந்தப் பச்சைய எங்கடா புடிச்ச?"

"பார்த்து... கணக்குப் போட்டு."

"வெளுப்பா இருக்கே."

"அப்படியா?"

"ம்."

அவ்வளவுதான் சொன்னாள். ஆனால் சாப்பாடு முடியும் வரை காரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

செப்டம்பர் 20

சக்கரங்கள் மாட்டினேன். ஓடுகிறது. லேசாக இடது பக்கம் இழுக்கிறது, என்னைப் போல ஓரம் தேடி.

செப்டம்பர் 22

அக்கா மூட்டை கட்டத் தொடங்கினாள். பதினொரு மணி இருக்கும், அவள் அறையிலிருந்து கூப்பிட்டாள்.

"டேய், இங்க வா."

கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தகரப்பெட்டி திறந்திருந்தது. தாளை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்திருந்தாள்.

"இத யாரு தொட்டது?"

"தூசி தட்டினேன்கா."

"தூசி தட்டினா கோணல் நேராகுமா?"

அவள் தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் நகத்தை ஓட்டினாள். "இது ஸ்டூடியோ பெயிண்ட் இல்ல. அது சொரசொரன்னு இருக்கும். இங்க மட்டும் வழவழங்குது."

எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடி, அகராதி, விளக்கு, பதினோராம் தேதி, பதினைந்தாம் தேதி. தேதி வரிசைப்படி சொன்னேன். அந்த நேரத்திலும் எனக்கு அந்தப் புத்திதான்.

"பிஞ்சதுக்கு நான் ஒண்ணும் சொல்லல," என்றாள். "பழசு, எப்பவாவது பிய்யும். கேக்காம எடுத்ததக்கூட விடு. வெளிய வழிஞ்சிருந்ததே, அத எதுக்குடா சுரண்டுன?"

"சுத்தமா இருக்கட்டும்னு..."

"நான் கேட்டேனா உன்ன?"

அவள் தாளைப் பெட்டியில் வைத்து மூடினாள். ஆறு வருடத்தில் முதல் தடவையாகப் பெட்டிக்குப் பூட்டு போட்டாள்.

செப்டம்பர் 23

பேசவில்லை. எதிர்வீட்டம்மா வந்தபோது அவரிடம், நான் மூன்றடி தள்ளி உட்கார்ந்திருக்கும்போதே, "அவருக்கு டீ வேணுமான்னு கேளுங்க" என்றாள். அந்த அம்மா என்னைப் பார்த்து, "உங்களுக்கு டீ வேணுமாம்மா, ஐயா... வேணுமாங்கய்யா?" என்று குழம்பிவிட்டார். வேண்டும் என்று அவரிடமே சொன்னேன். டீ வந்தது. சர்க்கரை இல்லை.

செப்டம்பர் 24

பேசவில்லை. இன்னும் நாலு நாள்.

செப்டம்பர் 25

மத்தியானம் சாப்பிட்டு முடித்துத் தட்டுகளைக் கழுவ எடுத்தேன். "வை, அப்புறம் கழுவலாம், உக்காரு," என்றாள். உட்கார்ந்தேன்.

அவள் சொன்னதை முடிந்தவரை அப்படியே எழுதுகிறேன். ஒரு காட்சிக்கு மூன்று நான்கு செல் தாள்களை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிப் படம் பிடிப்பார்கள். மேலே தாள் ஏற ஏறக் கீழே இருக்கும் நிறம் இருண்டு தெரியும். அதனால் கீழ் அடுக்குக்கு வெளுப்பாகவும் மேல் அடுக்குக்கு அழுத்தமாகவும் ஒரே பச்சையை மூன்று பாட்டில்களில் கலந்து வைத்திருப்பார்கள். எந்த அடுக்குத் தாளோ அந்தப் பாட்டில். அப்போதுதான் திரையில் ஒரே பச்சையாகத் தெரியும்.

"அந்தத் தாள் மேல் அடுக்குடா. நான் அடி அடுக்குப் பாட்டிலை எடுத்துப் போட்டுட்டேன். அதான் உன் கார் வெளுத்துக் கெடக்கு. நாலு வருஷத்துல ஒரு தாளு எனக்குத் திரும்பி வந்ததில்ல. அன்னைக்கு வந்துச்சு. தப்பு பாட்டிலு, கோட்டுக்கு வெளிய வேற. மேற்பார்வைக்காரம்மா சிரிச்சாங்க. கல்யாணப் பொண்ணு, கை ஆடத்தான செய்யும்னாங்க. தூக்கிப் போடப் போனாங்க, நான் கேட்டு வாங்கிக்கிட்டேன்."

"அன்னைக்குன்னா..."

"கடைசி நாளு."

கொஞ்ச நேரம் தண்ணீர்ச் சொம்பைத் திருப்பித் திருப்பி வைத்தாள்.

"கல்யாணத்துக்கு ஆடல அந்தக் கை. முந்தின நாள் உன்கிட்ட வந்தேன், ஞாபகம் இருக்கா? மாப்பிள்ள வீட்டுல வேலைக்குப் போகக் கூடாதுன்னு ஒருத்தரும் சொல்லல. அப்பாதான் போதும்னாரு. நீ சம்பாதிக்கிறவன், நீ ஒரு வார்த்த சொன்னா கேப்பாருடான்னேன். நீ பென்சில் சீவிக்கிட்டே 'பாக்கலாம்கா'ன்ன."

ஞாபகம் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. பென்சிலின் நிறம்கூட ஞாபகம் இருக்கிறது.

யாரிடமும் சொல்லாத ஒன்றை அப்போது சொன்னேன். "போனேன்கா. அப்பா பேப்பர் படிச்சிட்டிருந்தாரு. பக்கத்துல போய் நின்னேன். என்னன்னு கேட்டாரு. ஒண்ணுமில்லன்னு வந்துட்டேன்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "போனியா?"

"போனேன்."

"அதையாவது அன்னைக்கே வந்து சொல்லியிருக்கலாம்லடா."

ஆமாம். சொல்லியிருக்கலாம். அது அப்பாவிடம் பேசுவதைப் போலக் கடினமான காரியமும் அல்ல. ஏன் சொல்லவில்லை? ஒண்ணுமில்லை என்று திரும்பி வந்தவனை அவள் எப்படிப் பார்ப்பாள் என்று பயம். அவ்வளவுதான். வேறு பெரிய காரணம் கிடையாது.

தட்டுகளை அவள்தான் கழுவினாள். நான் எழுந்தபோது, "உக்காரு," என்றாள் மறுபடி. கோபமாகச் சொன்னாளா, இல்லையா, தெரியவில்லை.

செப்டம்பர் 26

காலையில் டீயோடு வந்து என் வேலை மேஜையில் உட்கார்ந்தாள். என் நாற்காலியில்.

"காரக் கொண்டா. மஞ்சள், நீலம், வெள்ள. கறுப்பு ஒரு ஊசி முனை போதும். பழைய சாசர் இருக்கா?"

கொடுத்தேன். கலந்தாள். ஒரு பிளாஸ்டிக் துண்டில் ஒரு தீற்று வைத்து ஜன்னலருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். திரும்ப வந்து நீலம் சேர்த்தாள். மறுபடி ஜன்னல். மொத்தம் ஒன்பது தடவை, அந்த முழங்காலோடு. விகிதத்தைக் குறிக்க நான் பென்சிலை எடுத்தேன்.

"எழுதாத. பாரு."

ஆகவே இங்கே விகிதம் இல்லை.

கடைசியில் "இதான்," என்றாள். மழைக்குப் பிறகு நனைந்த இலையின் பச்சை. இதைத் திரையில் ஒருபோதும் பார்த்ததில்லை. பதிவுகளில் இல்லை, என் கணக்கிலும் இல்லை. நாற்பத்தெட்டு வருடம் எங்கே வைத்திருந்தாள் இதை?

தூரிகையைத் தோய்த்து நேராகக் காரில் வைத்தாள்.

"அக்கா, முதல்ல தேய்க்கணும், இல்லன்னா பழைய பூச்சு மேல பிடிக்கா..."

"கொஞ்சம் சும்மா இருக்கியா?"

சும்மா இருந்தேன். அவள் கை ஆடவில்லை. எழுபத்தாறு வயது. தூரிகையை அவள் இழுக்கவில்லை, வர்ணத்தைக் கோடு வரை தள்ளிக்கொண்டு போய் நிறுத்தினாள். மத்தியானத்துக்குள் மூடியும் இடது பக்கமும் முடிந்தன. வலது பக்கம் அப்படியே என் வெளுத்த பச்சையில் நிற்கிறது.

"மீதிய அங்க போய்ப் பாத்துக்கிறேன்," என்றாள். கார் அவளுக்குத்தான் என்று நான் இன்னும் சொல்லியிருக்கவே இல்லை.

செப்டம்பர் 28

நாற்பத்தெட்டு படிகள். தகரப்பெட்டியை நான் தூக்கினேன், மற்றவற்றை டாக்ஸி டிரைவர். காருக்கென்று பஞ்சு வைத்து நான் செய்த அட்டைப்பெட்டியை அவள் வேண்டாம் என்றுவிட்டாள். கையிலேயே எடுத்துக்கொண்டு இறங்கினாள். ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் உட்கார்ந்து, காரை மடியில் வைத்து, மூச்சு வாங்கி, எழுந்தாள்.

டிரைவர் கேட்டார்: "என்ன பாட்டி, பேரனுக்கா?"

"ஏன், எனக்கு இருக்கக் கூடாதா?"

"இருக்கலாம் பாட்டி, இருக்கலாம். லைசென்ஸ் இருக்குல்ல?"

அவள் சிரித்தாள். டாக்ஸியில் ஏறி உட்கார்ந்த பிறகு கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூன்று நாளாக மனதுக்குள் எழுதி எழுதி அழித்ததைச் சொன்னேன்.

"அக்கா, அன்னைக்கு நான் அப்பாகிட்ட பேசியிருக்கணும்."

"ஆமா," என்றாள்.

அவ்வளவுதான். பிறகு, "சாப்பாட்டத் தள்ளிப் போடாத," என்றாள். கதவை நான்தான் சாத்தினேன்.

செப்டம்பர் 29

மேஜையைத் துடைத்தேன். சாசரைக் கழுவவில்லை.

அக்டோபர் 9

இன்று அக்கா மகள் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"மாமா, அம்மாகிட்ட என்ன குடுத்து அனுப்பிச்சீங்க? சாப்பாட்டு மேஜையில பாதி போச்சு. வீடு பூரா பெயிண்ட் வாசன. நாங்க தட்ட மடியில வச்சுக்கிட்டுச் சாப்பிடுறோம். எதையாவது நகத்தினா கையிலயே ஒண்ணு போடுறாங்க."

"கார் முடிஞ்சுதாம்மா?"

"அது முடிஞ்சு ஒரு வாரமாச்சு. இப்ப பிளாஸ்டிக் ஷீட் வாங்கிட்டு வரச்சொல்லி, நாளு முழுக்க உக்காந்து தீட்டுறாங்க. என்னமோ அடுக்காம், மேல ஒண்ணு கீழ ஒண்ணாம். நான் பொறந்ததுலேர்ந்து எங்கம்மா வர்ணம் தீட்டி நான் பார்த்ததே இல்ல மாமா. இவங்களுக்கு இதெல்லாம் தெரியுமா?"

நான் பதில் சொல்வதற்குள் அக்கா தொலைபேசியைப் பிடுங்கிக்கொண்டாள். முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"அது கெடக்கு. நீ அடுத்த காருக்குக் கோட்டுப் படம் போட்டு அனுப்பு. கோடு உன்னது, கலரு என்னது. சராசரி கிராசரின்னு எடுத்து வைக்காத, சொல்லிட்டேன். எப்ப வரும்?"

வெள்ளிக்கிழமை தபாலில் சேர்ப்பதாகச் சொன்னேன்.

பிறகு இந்த நோட்டின் முதல் பக்கத்தைத் திருப்பினேன். மூன்றாவது குறிப்பில் ஆதாரம் பிசகிவிட்டது. அது தெரியாமல் வந்த பிசகு, எந்த வரைவாளனுக்கும் நேரும்.

நான்காவது குறிப்பு அப்படி இல்லை. அக்காவுக்கு அந்த வேலையில் பிடிப்பு இல்லை, எளிதாக விட்டுவிட்டாள் என்று எழுதியிருக்கிறேன். நல்ல கையெழுத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதியிருக்கிறேன். அது தவறு. அவள் எளிதாக விடவில்லை. எழுதும்போதே எனக்குத் தெரியும்.